வேலிகாத்தானில் ஓடிய வண்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை விறகு குவித்து விற்கும் எங்கள் தொட்டியில் அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். சித்தப்பா சலவை வேட்டியில் வந்து, முள் குத்தாத கட்டையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எங்களிடம் நெடுங்காலமாக விறகு எடுக்கும் சாயப்பட்டறை பாய், டீ கிளாஸோடு எடைமேடையில் சாய்ந்து நின்றார். நானும் இருந்தேன். யாருக்காக இத்தனை பேரும் கூடினோமோ, அந்தக் கம்பெனிக்காரர் மட்டும் இல்லை. சென்னையில் ஏதோ மீட்டிங் என்று போன் வந்துவிட்டது.

அவர் முந்தின வாரமே வந்து எல்லாம் சொல்லியிருந்தார். மரத்திலிருந்து எத்தனால் எடுக்கப் போகிறார்கள். இப்போது பெட்ரோலில் கலக்கிறார்களே, அதே எத்தனால்தான். கரும்பிலிருந்தும் சோளத்திலிருந்தும் எடுப்பதை இவர்கள் வேலிகாத்தான் என்கிற சீமைக் கருவேல முள்ளிலிருந்து எடுப்பார்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்த ஏரியில் இறங்கினாலும் அந்த முள்தான். வெட்ட வெட்ட வளர்வது. செவிலிமேட்டில் ரோட்டை ஒட்டிய எங்கள் தொட்டி, மரம் கொண்டுவந்து குவிக்க அவர்களுக்குத் தோதாகப் பட்டுவிட்டது. வாடகை பேச்செல்லாம் இல்லை. இடத்தைக் கம்பெனி பேருக்கு எழுதிக் கொடுத்தால் பங்கு தருவார்கள். லாபம் வந்தால் வருஷா வருஷம் பணம். எனக்கு ஃபேக்டரியில் இன்ஜினியர் வேலை.

அந்தத் தொட்டிதான் எங்கள் சொத்து. அதைத் தவிர வேறு இல்லை. அப்பா ஏரிகளில் முள் வெட்டும் கூலியாக இருந்து, பிறகு பஞ்சாயத்து ஏலத்தில் தானே கேட்டு எடுத்து, வெட்டிய மரத்தை டீக்கடைக்கும் செங்கல் சூளைக்கும் சாயப்பட்டறைக்கும் விற்று, அந்த மனையை வாங்கினார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்போது கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "படிச்சவன் நீதான் இருக்கே. கையெழுத்துப் போடலாமா, வேணாமா? சொல்லு."

"இதுல இன்னாண்ணா கேக்கறது?" என்றார் சித்தப்பா. "புள்ள இன்ஜினியரு, வேலை வூட்டு வாசல்லயே வருது. அவன் வேணாம்னா சொல்லப் போறான்?"

உண்மைதான். எனக்கு வேண்டும் என்று இருந்தது. என்னோடு படித்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி கம்பெனியாக ரெஸ்யூமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சரி என்று சொல்ல வாயைத் திறந்தபோது, மரத்திலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க என்ன செலவாகும் என்பதே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. பரீட்சையில் எழுதியிருக்கிறேன். வாத்தியார் போட்ட படத்தை அப்படியே போட்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மரத்தை வைத்துச் செய்து பார்த்தது மட்டும் இல்லை.

"செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்பா," என்றேன்.

சித்தப்பா சிரித்தார். "கம்பெனிக்காரன் கோடி கோடியா போட்டுச் செய்யறத, நீ இன்னாடா தொட்டியில குந்திக்கினு செஞ்சு பாக்கப் போறே?"

அம்மா விடவில்லை. "ஒரு புடவை எடுக்கப் போனாலே ஜரிகையச் சுரண்டிப் பாத்துத்தான் எடுக்கறோம். இடத்தத் தூக்கிக் குடுக்கசொல்ல ஒரு தபா பாக்க வேணாமா? அவன் பாக்கட்டும்."

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அண்டா வேணும்னா நான் தரேன் பேட்டா. சாராயம் காச்சறேன்னு மட்டும் போலீஸ்கிட்ட எம் பேரச் சொல்லிடாதே."

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் விளையாட்டில்லை. எத்தனால் என்பதே சாராயம்தான். தொட்டியில் வைத்து ஒரு குடம் புளிக்க வைத்திருந்தாலும், எந்த மரத்தில் எடுத்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை, நேராக ஸ்டேஷன்தான். அதனால் கல்லூரியில் எங்கள் துறை மேடத்திடம் போய் நின்றேன். இதையே கடைசி வருஷ ப்ராஜெக்டாகச் செய்கிறேன் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதுவரை வகுப்பில் நான் வாய் திறந்ததே கிடையாது.

"மரத்த வேக வைக்கிறத எங்க வேணா வெச்சுக்கோ," என்றார். "புளிக்க வைக்கிறது, காய்ச்சி எடுக்கிறது ரெண்டும் காலேஜுக்குள்ள. அனுமதி நான் வாங்கறேன். பெட்ரோல் கலக்காம ஒரு சொட்டு கேட்டத் தாண்டினா, நீ பாஸாக மாட்டே, நான் வேலையில இருக்க மாட்டேன். புரிஞ்சுதா?"

புரிந்தது.

செய்முறை பேப்பரில் சுலபம். மரத்துக்குள் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அது நாராக முறுக்கிக்கொண்டு, ஒரு கருப்புப் பிசினால் இறுகிக் கிடக்கிறது. முதலில் மரத்தைத் தூளாக்கி, காஸ்டிக் சோடாவில் வேக வைத்துப் பிசினைக் கழற்ற வேண்டும். பிறகு கொஞ்சம் புளிப்பு அமிலம் விட்டுப் பதப்படுத்தி, என்சைம் என்கிற நொதியைப் போட்டால் அது நாரைச் சர்க்கரையாக வெட்டும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று எத்தனால் கக்கும். கடைசியில் காய்ச்சி வடித்தால் முடிந்தது.

பாயிடம் இதைச் சொன்னபோது, "அட, பட்டுக்குப் பண்றதுதானே!" என்றார். கச்சாப் பட்டிலும் ஒரு பசை உண்டு. சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு வேக வைத்து அதை எடுத்தால்தான் பட்டு மினுக்கும், சாயம் ஏறும். அந்த வேலைக்கு என்றே அவரிடம் உள்ளே ஈயம் பூசிய ஒரு பெரிய செம்பு அண்டா இருந்தது. எவர்சில்வர் தொட்டிகள் வந்த பிறகும் அவர் அதை விற்கவில்லை. செம்பில் வெந்த பட்டுக்கு வரும் பளபளப்பு வேறு எதிலும் வராது என்பது அவர் கட்சி. சின்ன காஞ்சிபுரத்தில் அவர் பட்டறைக்குப் போகிற யாருக்கும் அதைத் தட்டிக் காட்டாமல் விடமாட்டார்.

பாய் பட்டறையின் பின்பக்கம், அந்த அண்டாவில்தான் வேக வைத்தோம். அப்பா காய்ந்த வேலிகாத்தான் கட்டைகளைப் பொறுக்கி, மரமில்லில் கொடுத்துத் தூளாக்கிக் கொண்டுவந்தார். அடியில் எரிக்கவும் வேலிகாத்தான்தான். காலையில் பற்ற வைத்தது சாயங்காலம் வரை எரிந்தது. தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி ஆகி, பிறகு தார் மாதிரி ஆனது. அதை இறுத்து டிரம்மில் பிடித்தோம். தூள் வெளுத்து, ஊற வைத்த காகிதக் கூழ் போல அண்டாவின் அடியில் கிடந்தது. அள்ளிப் பார்த்த அப்பா, "முள்ளு மாதிரியே இல்லடா," என்றார். அவர் கையில் இருந்த பழைய முள் தழும்புகளின் மேல் அது மாவு போல ஒட்டிக்கொண்டிருந்தது.

கூழை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் வீணாகும் என்று, அலசிய கையோடு அண்டாவையே லோடு ஆட்டோவில் ஏற்றிக் கல்லூரி ஷெட்டில் இறக்கினேன். அமிலம் விட்டு, மேடம் வாங்கித் தந்த என்சைமைக் கலந்து, ஈஸ்ட் போட்டு, பாலிதீன் போட்டு இறுக்கிக் கட்டினேன். வாட்ச்மேன் தினமும் வந்து மோந்து பார்ப்பார். "ஊறல் எப்படி சார் வந்துக்கினு இருக்குது?" என்பார். குமிழ் வந்தால் ஈஸ்ட் வேலை செய்கிறது என்று அர்த்தம். நானும் காதை அண்டாவில் வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. ஒரு வாரம் பொறுத்துக் கட்டை அவிழ்த்தேன்.

கூழ் பச்சையாக இருந்தது. பாசிப் பச்சை இல்லை. நல்ல மயில் கழுத்து நிறம்.

பாயை வரச் சொன்னேன். அண்டா அவருடையது ஆயிற்றே. அவர் வந்து குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பச்சைக் கலர் வேணும்னு எங்கிட்ட கேட்டிருக்கலாமே பேட்டா. அரை மணி நேரத்துல போட்டுக் குடுத்திருப்பேன். இவ்ளோ படிக்கணுமா?"

மேடம் ஓரமாக நின்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்டாவைக் கவிழ்த்து உள்பக்கம் கையை விட்டுத் தடவினேன். ஈயம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் செம்பு. அப்போதுதான் விளங்கியது. சலவைச் சோடாவுக்குத் தாங்கும் ஈயம், நான் போட்ட காஸ்டிக் சோடாவில் ஒரு பகலில் கரைந்து போயிருக்கிறது. பட்டறையில் புளிப்புத் தண்ணீரைச் செம்பில் தேங்க விடுவதே கிடையாது. சாயம் ஏறியதும் கொட்டிக் கழுவிவிடுவார்கள். நான் ஒரு வாரம் மூடி வைத்தேன். அமிலம் செம்பைத் தின்றது, செம்பு என் ஈஸ்டைக் கொன்றது. வேறு ஊராக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டிருப்பார்கள், பிழைத்திருக்கும். காஞ்சிபுரத்தில் வேக வைப்பது என்றாலே கை தானாகச் செம்பைத் தேடிப் போகிறது.

வீட்டில் சொன்னேன். சித்தப்பா இதற்காகவே காத்திருந்தவர் போலப் பேசினார். "முடிஞ்சுதா? அடுத்த வாரம் கம்பெனிக்காரரு வராரு. மரியாதையா கையெழுத்தப் போடுங்க. இவன் அண்டா கழுவிக்கினு இருக்கட்டும்."

அப்பா அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார். "ஏன் கெட்டுப்போச்சுன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சுபா."

"அப்ப மறுபடி போடு. அவர இன்னும் ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்றேன்."

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் அவரே தன் வண்டியில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் பேரலைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "வாடகைக்கு இல்ல, விலைக்கே வாங்கினது," என்று மட்டும் சொன்னார். சலவை வேட்டியில் கறை பட்டிருந்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை மரத்தை எடை போட்டபோதுதான் எனக்கு இன்னொன்று பிடிபட்டது. ஒரு டன் மரத்தில் இத்தனை லிட்டர் என்று கம்பெனிக்காரர் மூச்சுக்கு மூச்சு சொல்லியிருந்தார். நான் எடை போட்டது வெயிலில் காய்ந்து, தட்டினால் டங்கென்று சத்தம் கேட்கும் மரம். ஏரியிலிருந்து வரும் லாரியில் இருப்பது அன்றைக்கு வெட்டிய பச்சை மரம். விறகுத் தொட்டியில் வளர்ந்தவனுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வாங்கும்போது இருந்த எடை விற்கும்போது இருக்காது, நடுவில் தண்ணீராகப் பறந்துபோகும். எத்தனால் தருவது மரம்தான், தண்ணீர் இல்லை. அவர் காய்ந்த மரத்தின் லிட்டரைச் சொல்லி, பச்சை மரத்தின் டன்னால் பெருக்கி லாபம் காட்டியிருக்கிறார். வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் சட்டையில் முள் கீறல் எதுவும் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த முறை கூழை அண்டாவில் விடாமல் பேரலுக்கு மாற்றினேன். இரண்டாம் நாள் பேரலில் காது வைத்தபோது, உள்ளே யாரோ மெதுவாகச் சோறு கொதிக்க விட்டது போல் சத்தம். ஓடிப்போய் மேடத்தைக் கூட்டிவந்தேன். அவரும் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து காது வைத்தார். "ம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று லேபில் எல்லோருக்கும் அவர் செலவில் சமோசா.

ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் காய்ச்சி வடித்தது பெரிய பாடு. குடுவை சின்னது, பேரல் பெரியது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சொட்டு சொட்டாகப் பிடித்து, அதையே மறுபடி காய்ச்சி, சுட்ட சுண்ணாம்பு போட்டு மிச்ச ஈரத்தை உறிஞ்ச வைத்து, கடைசியில் அளவுக் குடுவையில் ஊற்றினோம். ஒரு லிட்டர் கோட்டைத் தொட்டு நின்றது. தண்ணீர் மாதிரிதான் இருந்தது. ஒரு துளியைக் கிண்ணத்தில் விட்டுத் தீக்குச்சி காட்டினேன். பகல் வெளிச்சத்தில் சுடரே தெரியவில்லை. ஜன்னலை மூடினோம். நீலமாக, புகையே இல்லாமல், கிண்ணத்தின் விளிம்பில் சுற்றி வந்தது.

எங்கள் வீட்டில் நெருப்பு என்றால் புகை. அப்பாவின் இருமல் புகை, அம்மாவின் கண்ணெரிச்சல் புகை. அதே முள்ளிலிருந்து இப்படி ஒரு நெருப்பு வரும் என்று அவர்களுக்குக் காட்டவேண்டும் என்று இருந்தது. வண்டியில் போட்டே காட்டலாம் என்றார் மேடம். பெட்ரோலைக் கொஞ்சம் தன் கையாலேயே கலந்து, இனி யாரும் வாயில் வைக்க முடியாது என்று உறுதி செய்துகொண்டு கொடுத்தார். அப்பாவின் பழைய மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு எல்லோரையும் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்னேன். டேங்கில் இருந்த பெட்ரோல் முழுவதையும் இறக்கிவிட்டு, இதில் ஒரு சின்ன டம்ளர் மட்டும் ஊற்றினோம். சோக்கைப் பாதி இழுத்துவிட்டேன்.

அப்பாதான் உதைத்தார். முதல் உதையில் ஒன்றும் இல்லை. அடுத்ததில் ஒரு தும்மல். சித்தப்பா வாயைத் திறப்பதைப் பார்த்து அம்மா, "இரு, பேசாத," என்றாள். மறுபடி உதைத்தார். பிடித்துக்கொண்டது.

வண்டி நடுங்கிக்கொண்டு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. அப்பா ஒரு சுற்று போய் வந்தார். நிறுத்துவார் என்று பார்த்தால் நிறுத்தவில்லை. எங்களைத் தாண்டும்போது, "ஓடுதுடா! வேலிகாத்தான்ல ஓடுதுடா!" என்று கத்திக்கொண்டு போனார். அடுத்த சுற்றில் அம்மா குறுக்கே போய் நின்றாள். "நானும் ஏர்றேன், நிறுத்துங்க." ஏறி உட்கார்ந்து, புடவையைச் செருகிக்கொண்டு, "ம், போங்க," என்றாள். ஜன்னல் ஜன்னலாகப் பசங்கள் எட்டிப் பார்த்து விசில் அடித்தார்கள். பாய் கைக்குட்டையை எடுத்து ரயில்வே கார்டு மாதிரி வீசினார். சைலன்ஸர் பக்கம் போய் மோந்து பார்த்த வாட்ச்மேன், "சரக்கு வாசனை வருது சார்," என்று பயந்த குரலில் சொன்னார். சுற்றிச் சுற்றி வந்த வண்டி கடைசியில் மைதானத்தின் கோடியில் போய் நின்றது, டேங்க் காலி. அங்கிருந்து அப்பா தள்ள, அம்மா இறங்காமல் உட்கார்ந்தபடியே வந்தாள். நான் அன்றைக்குச் சிரித்தது போல் அதற்கு முன் கல்லூரியில் சிரித்ததில்லை.

அன்று மாலை தொட்டியில் உட்கார்ந்து அப்பா மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இப்போது என்னிடம் பதில் இருந்தது.

"வண்டி ஓடும்பா. ஆனா இடத்தக் குடுக்க வேணாம்."

"ஓடுதுன்னு நீயே காட்டிட்டு, வேணாம்னா இன்னாடா அர்த்தம்?" என்றார் சித்தப்பா. கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அண்டாவுக்குள் போன மரத்தைவிட அண்டாவுக்கு அடியில் எரிந்த மரம் அதிகம். பெரிய ஃபேக்டரியில் அந்தக் கருப்புப் பிசினையே காயவைத்து அடுப்பெரிப்பார்கள், நீராவியை வீணாக்க மாட்டார்கள், என்சைமை மொத்தமாக வாங்குவார்கள். எங்களைவிட ரொம்பக் குறைவாக முடிப்பார்கள். ஆனாலும் விலை பெட்ரோல் விலைக்குக் கீழே இறங்க வருஷங்கள் ஆகலாம், இறங்காமலும் போகலாம். இறங்காவிட்டால் பங்குக்கு லாபம் கிடையாது. இடமும் போயிருக்கும்.

பாய் வேறொன்றைக் கேட்டார். சாயத் தண்ணீருக்காக அதிகாரிகளிடம் பதில் சொல்லியே பாதி முடி நரைத்தவர் அவர். "ஒரு லிட்டருக்கு எத்தனை டிரம் கருப்புத் தண்ணி வந்துச்சு, பாத்தியா? எம் பட்டறைப் பின்னாடி இன்னும் நிக்குது. ஃபேக்டரின்னா அது ஒரு ஏரி ஆவும். அது எங்க போவும்?"

"சுத்திகரிக்கணும் பாய். அதுக்கும் செலவு. அவர் சொன்ன கணக்குல அது வரவே இல்ல."

அடுத்து அப்பா, "ஏரியில முள்ளு தீந்துபோனா ஃபேக்டரி இன்னா பண்ணும்?" என்றார்.

"நட வேண்டியதுதான்பா."

"வேலிகாத்தானயா? நடறதா?" அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். முள் ஏரித் தண்ணீரைக் குடிக்கிறது என்று ஊரே பிடுங்கி எறியச் சொல்கிறது. அதை ஒழிப்பதற்காகத்தான் அப்பாவுக்கு ஏலமே கிடைக்கிறது. ஒழிக்க வரும் ஃபேக்டரி, முள் ஒழியக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அப்பா அதைத்தான் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். "இருக்கற முள்ளு வரைக்கும் வித்துக் காசாக்கலாம்," என்றார். "அதுக்கு இடத்த எதுக்குக் குடுக்கணும்?"

கம்பெனிக்காரர் வந்தார். காரிலிருந்து பத்திரம், ஸ்டாம்ப் பேட் எல்லாம் இறங்கியது. அப்பா அவருக்கு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "பையன் பேசுவான் சார்," என்றார்.

நான் எழுந்து பேசினேன். பச்சை எடை, காய்ந்த எடை, அடுப்பு, கருப்புத் தண்ணீர். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முதுகில் தட்டினார்.

"தம்பி, நீங்க அண்டாவுல பண்ணிப் பார்த்துட்டுப் பேசறீங்க. எங்க டெக்னாலஜி வேற லெவல்."

"இருக்கும் சார். நாங்க ஒரு லிட்டர் எடுத்து வண்டி ஓட்டிட்டோம். நீங்க எத்தனை லிட்டர் எடுத்திருக்கீங்க?"

அவர் கைக்குட்டையை எடுத்தார். "ப்ளான்ட் இன்னும் கட்டலையே தம்பி. இடமெல்லாம் சேர்ந்த பிறகுதானே."

சித்தப்பாதான் முதலில் சிரித்தது. பக்கென்று வெடித்துவிட்டார். "அப்ப எங்க ஊர்ல முத ஃபேக்டரி எங்க அண்ணன் பையன்தான் சார்!"

கம்பெனிக்காரரும் நல்ல மனுஷர், கோபப்படவில்லை. அப்பா பேச்சை முடித்துவைத்தார். "ப்ளான்ட்டக் கட்டுங்க சார். நல்லா வரட்டும். மரம் நான் தரேன். காய்ஞ்ச எடைக்கு விலை, லோடு எறங்கினா காசு. இடம் மட்டும் இல்ல."

அவர் போனில் யாரிடமோ நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து, மரத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், காய்ந்த எடையும் சரி என்றார். எனக்குச் சொன்ன வேலையும் இருக்கிறது, ப்ளான்ட் எழும்பியதும் வாருங்கள், கேள்வி கேட்கிற ஆள் வேண்டும் என்றார். மனையின் பத்திரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

காரில் ஏறி, கதவைச் சாத்தப் போனவர், ஏதோ தோன்றி கண்ணாடியை இறக்கினார். "சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அந்த ஒரு லிட்டருக்கு உங்களுக்கு மொத்தம் எவ்வளவுங்க ஆச்சு?"

எனக்குச் சொல்லக் கூச்சம். என்சைம், காஸ்டிக் சோடா, கெட்டுப்போன முதல் கூழ், பாயின் அண்டாவுக்கு மறுபடி ஈயம் பூசியது, லோடு ஆட்டோ, சித்தப்பாவின் பேரல், எரித்த விறகு, கருப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்யக் கொடுத்த கூலி எல்லாம் சேர்ந்த தொகை அது. ஆனால் அப்பாவுக்குக் கூச்சமில்லை. இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, ஏரி ஏலத்தில் கடைசி விலை கேட்பது போல ரோடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"இருபத்து மூவாயிரத்து நானூத்தி அறுபது ரூபா சார்!"